சாயமின்றிக் காணல்: திசுவின் சொந்த ஒளியும் மும்பையின் ஓர் ஆய்வகமும்

உயிர்த்திசுவை நுண்ணோக்கியின் கீழ் வைப்பதற்கு முன் அதைக் கொல்ல வேண்டும், பதப்படுத்த வேண்டும், சாயம் ஏற்ற வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து திசுவியல் என்னும் துறை இம்மூன்று படிகளின் மீதே எழுந்து நின்றது. காரணம் எளியது. மெல்லிய திசு பெரும்பாலும் நிறமற்றது. ஒளி அதனூடே தங்குதடையின்றிக் கடந்துவிடும். நிறம் ஏற்றினாலன்றி வடிவம் தெரியாது.

இம்முறை பெரும் வெற்றி கண்டது. எனினும் அதன் உள்ளே தீராத கேள்வி ஒன்று இருந்தது. காண வேண்டிய பொருளே இம்மூன்று படிகளில் கரைந்தோ சிதைந்தோ போகுமானால் என்ன செய்வது? நரம்பணுக்களிடையே செய்தி கொண்டுசெல்லும் செரோட்டோனின் அத்தகைய பொருள். உயிருள்ள அணுவில் அது எங்கே தேங்குகிறது, எப்போது வெளியேறுகிறது என்பதை அறிய, அணு உயிரோடு இருக்க வேண்டும். அக்கேள்விக்குக் கிடைத்த விடைகளுள் முதன்மையான ஒன்று மும்பையில், கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருப்பெற்றது. திசுவுக்குப் புறத்திலிருந்து எதையும் சேர்க்காமல், லேசர் ஒளியால் அதன் இயல்பான ஒளிர்வைத் தூண்டிப் படமெடுப்பதே அம்முறை.

அதன் பொருளை உணர, அது எவற்றை விலக்கியது என்பதிலிருந்து தொடங்குவது தகும். விலக்கப்பட்ட இரண்டு செயல்களும், பதனிடுதலும் சாயமிடுதலும், மும்பைத் தமிழரின் வரலாற்றில் இரு இடங்களை நினைவூட்டுவன. ஒன்று தாராவி; மற்றொன்று மாட்டுங்கா.

தாராவியின் தோல் பதனிடும் தொழிலைத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பெயர்ந்த தமிழர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் வளர்த்தெடுத்தனர். பதனிடுதல் என்பது வேதியியலில் கொலாஜன் என்னும் புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பதாகும். தமிழகத்துப் பதனிடுவோர் பயன்படுத்திய ஆவாரம்பட்டையின் துவர்ப்பும், ஆய்வகத்தில் திசுவை ஊறவைக்கும் ஃபார்மால்டிஹைடும் வேறுவேறு பொருள்கள். ஆயினும் செய்யும் வேலை ஓரினத்தது. இரண்டும் புரதங்களைக் கட்டி அழுகலைத் தடுக்கின்றன. ‘பதம்’ என்ற சொல்லே தோலுக்குப் பதனிடுதலாகவும் திசுவுக்குப் பதப்படுத்தலாகவும் தமிழில் நிற்பது தற்செயலாயினும் பொருத்தமானது. பதனிட்ட தோல் நெடுங்காலம் நிலைக்கும். ஆனால் அது இனி தோலின் வேலையைச் செய்யாது. பதப்படுத்திய நரம்பணுவின் நிலையும் அதுவே.

சாயத்தின் கதை மாட்டுங்காவைத் தொடுகிறது. 1856இல் வில்லியம் பெர்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டறிந்த பின், ஆடைக்காக உருவாக்கப்பட்ட சாயங்கள் விரைவில் திசுவியலுக்கும் வந்தன. இந்தியாவில் இச்சாய வேதியியலின் தலைமை இடம் 1933இல் தொடங்கப்பட்டுப் பின்னர் மாட்டுங்காவில் நிலைகொண்ட பம்பாய்ப் பல்கலைக்கழக வேதித் தொழில்நுட்பத் துறை. 1938இல் அதன் முதல் இந்திய இயக்குநரானவர் சென்னையில் பிறந்த கிருஷ்ணசாமி வெங்கட்ராமன். செயற்கைச் சாயங்களின் வேதியியல் குறித்து 1952 முதல் அவர் வெளியிட்ட பெருநூல் தொகுதிகள் உலகெங்கும் அத்துறையின் அடிப்படை நூலாயின. எந்த மூலக்கூறு எந்த நிறம் காட்டும், எது எதன்மீது ஒட்டும் என்பதை வகுத்துச் சொல்வது சாய வேதியியலின் மரபு. திசுவியலாளர் அந்த மரபின் வாடிக்கையாளர்.

இவ்விரண்டுக்கும் மாறான வழியின் வேர், ஒளிர்வு பற்றிய ஆய்வில் இருக்கிறது. ஒரு பொருள் குறைந்த அலைநீள ஒளியை உறிஞ்சி, சற்றே நீண்ட அலைநீள ஒளியை உடனே வெளிவிடுவதை ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1852இல் விளக்கினார். ‘ஃப்ளூரைட்’ கனிமத்தின் பெயரால் அவர் சூட்டிய பெயரே ஆங்கிலத்தில் நிலைத்தது. தமிழ்க் கலைச்சொல்லாக்கம் கனிமத்தை விட்டு நிகழ்வைப் பற்றிக்கொண்டது: தூண்டும் ஒளி நின்றவுடன் நின்றுபோவதால் ‘உடனொளிர்வு’, நின்ற பின்னும் தொடர்வது ‘நின்றொளிர்வு’. 1911இல் ஹான்ஸ் ஸ்டூபல் புறஊதா ஒளியில் விலங்குத் திசுக்கள் எவ்விதச் சாயமும் இன்றித் தாமே ஒளிர்வதைப் பதிவுசெய்தார். அதுவே தன்னொளிர்வு.

இந்த ஒளியை உமிழும் மூலக்கூறுகள் இன்று நன்கு அறியப்பட்டவை. புரதங்களிலுள்ள டிரிப்டோஃபேன் சுமார் 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சி 350 நானோமீட்டர் அருகே ஒளிரும். கொலாஜன் 400 நானோமீட்டர் அருகே நீலமாக ஒளிரும். அணுவின் ஆற்றல் வினைகளில் பங்குகொள்ளும் என்.ஏ.டி.எச். 340இல் தூண்டப்பட்டு 460 அருகே ஒளிரும். அதன் ஆக்சிஜனேற்ற வடிவமோ ஒளிர்வதில்லை. ஆகவே இவ்வொளி வெறும் நிறமன்று. அணு எவ்வாறு மூச்சுவிடுகிறது என்பதன் அளவீடும் ஆகும். பிரிட்டன் சான்ஸ் 1962இல் உயிருள்ள விலங்கின் உறுப்புகளில் இவ்வேறுபாட்டையே அளந்தார்.

ஆயினும் நெடுங்காலம் இந்த ஒளி ஒரு தொல்லையாகவே கருதப்பட்டது. இந்திய இயற்பியலில் இதற்குப் புகழ்பெற்ற சான்று உண்டு. 1923இல் கல்கத்தாவில் சி.வி. ராமனின் மாணவர் கே.ஆர். இராமநாதன் திரவங்களில் ஒளிச்சிதறலை ஆராய்ந்தபோது, நிறம் மாறிய மங்கலான ஒளி ஒன்றைக் கண்டார். அது மாசினால் எழும் ‘மெல்லிய உடனொளிர்வு’ என்றே முதலில் கொள்ளப்பட்டது. திரவத்தை எவ்வளவு தூய்மை செய்தாலும் அவ்வொளி மறையவில்லை. விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் ராமனும், அவ்வொளி முனைவாக்கம் பெற்றிருப்பதைக் கொண்டு அது உடனொளிர்வு அன்று எனத் தெளிந்தனர். 1928 பிப்ரவரி 28ஆம் நாள் ராமன் விளைவு உறுதியாயிற்று. அவ்வரலாற்றில் உடனொளிர்வின் இடம், களைந்தெறிய வேண்டிய ஐயத்தின் இடம். இன்றும் ராமன் நிறமாலையைப் பதிவுசெய்யும் ஆய்வாளர், திசுவின் தன்னொளிர்வைப் பின்னணி இரைச்சலாகக் கழித்தே கணக்கிடுகின்றனர். ஒருவரது இரைச்சல் மற்றொருவரது செய்தியாக மாறுவதற்கு வேறொரு கேள்வி தேவைப்பட்டது.

அக்கேள்வியைத் தந்தது செரோட்டோனின். 1948இல் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இப்பொருள் மூளையிலும் உண்டெனப் பின்னர் அறியப்பட்டது. அதை அணுவுக்குள் இடம்சுட்டிக் காட்டியவர்கள் சுவீடன் நாட்டினர். பெங்க்ட் ஃபால்க், நில்ஸ்-ஓகே ஹிலார்ப் ஆகியோர் 1962இல், உறைய வைத்து உலர்த்திய திசுவை ஃபார்மால்டிஹைடு ஆவியில் வைத்தால் செரோட்டோனின் மஞ்சளாகவும் டோபமைன் முதலியன பச்சையாகவும் ஒளிர்வதைக் காட்டினர். இம்முறையால் 1964இல் டால்ஸ்ட்ரோமும் ஃபூக்ஸும் மூளைத்தண்டின் ரஃபே கருக்களில் செரோட்டோனின் நரம்பணுக்கள் குழுமியிருப்பதை வரைபடமாக்கினர். நரம்பியலின் பெரும் மைல்கற்களுள் இது ஒன்று. ஆனால் அவ்வரைபடம் அசைவற்றது. எங்கே இருந்தது என்று அது சொல்லும். எப்போது, எவ்வளவு வெளியேறியது என்று சொல்லாது.

பச்சை ஒளிர் புரதத்தை மரபணு வழியே அணுவினுள் புகுத்தும் முறை 1994 முதல் உயிரியலையே மாற்றியது. 2008இல் நோபல் பரிசும் பெற்றது. புரதங்களைப் பின்தொடர அது இணையற்ற கருவி. செரோட்டோனினுக்கோ அது நேரடியாக உதவாது. செரோட்டோனின் மூலக்கூறின் எடை 176 டால்டன். ஒளிர் புரதத்தின் எடை சுமார் 27,000. ஏறத்தாழ 150 மடங்கு எடையைக் கட்டிவிட்டு, அம்மூலக்கூறு முன்போலவே நடக்கும் என எதிர்பார்க்க இயலாது. அதற்குத் தேவை ஒட்டுச்சீட்டு அல்ல; அதன் சொந்த ஒளி. டிரிப்டோஃபேனிலிருந்து பிறப்பதாதலால் செரோட்டோனினுக்கும் அந்த ஒளி உண்டு. ஆனால் அது புறஊதாவில், 340 நானோமீட்டர் அருகே உள்ளது. அதைத் தூண்ட 300 நானோமீட்டருக்குக் குறைந்த ஒளி வேண்டும். அவ்வொளி உயிரணுவைச் சிதைக்கும். திசுவினுள் ஆழச் செல்லாமல் சிதறும். வழியிலுள்ள புரதங்கள் அனைத்தையும் ஒளிரச் செய்யும்.

இத்தடைக்கு விடை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஏட்டில் இருந்தது எனலாம், லேசர் பிறந்த நாளிலிருந்து கணக்கிட்டால். 1931இல் மரியா கோப்பர்ட்-மேயர் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில், ஒரு மூலக்கூறு இரண்டு ஃபோட்டான்களை ஒருங்கே உறிஞ்சக்கூடும் என்று கோட்பாட்டளவில் நிறுவினார். அத்தகைய நிகழ்வு மிக அரிது. ஒளி மிகச் செறிந்திருந்தால் மட்டுமே காணக்கிடைக்கும். 1960இல் லேசர் பிறந்தது. மறு ஆண்டே இரு-ஃபோட்டான் உறிஞ்சல் சோதனையில் மெய்ப்பிக்கப்பட்டது. 1990இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வின்ஃப்ரிட் டெங்க், ஜேம்ஸ் ஸ்ட்ரிக்லர், வாட் வெப் ஆகியோர் அதை நுண்ணோக்கியாக்கினர்.

இங்கு நுட்பம் யாதெனில், அகச்சிவப்பை ஒட்டிய ஒளி நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கிலும் குறைந்த நேரமே நீளும் துடிப்புகளாகப் பாய்ச்சப்படுகிறது. மூன்று ஃபோட்டான்கள் ஒருசேர உறிஞ்சப்படும் வாய்ப்பு, ஒளிச்செறிவின் மும்மடிக்கு ஏற்ப மாறும். ஆகவே ஒளி குவியும் நுண்புள்ளியில் மட்டுமே தூண்டல் நிகழும். மேலும் கீழும் உள்ள திசு இருண்டே இருக்கும். 740 நானோமீட்டர் ஒளியின் மூன்று ஃபோட்டான்கள் சேர்ந்து, 247 நானோமீட்டர் புறஊதா ஃபோட்டான் ஒன்றின் வேலையைச் செய்கின்றன. புறஊதா ஒளியைத் திசுவினுள் செலுத்தாமலே புறஊதாத் தூண்டல் கைகூடுகிறது.

1997 ஜனவரியில் ‘சயன்ஸ்’ இதழில் சுதிப்தா மைத்தி, வெப் முதலியோர் வெளியிட்ட கட்டுரை, உயிரணுவிலுள்ள செரோட்டோனினை இம்முறையால் படமெடுத்தது. ஒவ்வொரு சுரப்புத் துகளிலும் செரோட்டோனின் செறிவு சுமார் 50 மில்லிமோலார் என்றும், ஒரு துகளில் அதிகபட்சம் 50 கோடி மூலக்கூறுகள் வரை இருக்கலாம் என்றும் அளந்தது. புரதங்களின் பின்னணி ஒளிர்வை மீறி செரோட்டோனின் தெரிவதற்கு இச்செறிவே காரணம். அது நுண்பைகளுக்குள் அத்துணை நெருக்கமாகத் திணிக்கப்பட்டிருக்கிறது.

மைத்தி பின்னர் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இவ்வாய்வைத் தொடர்ந்தார். ஜெ. பாலாஜி, எஸ்.கே. கௌஷல்யா உள்ளிட்டோர் உடனிருந்தனர். 2005இல் தனித்தனி நரம்பணு வகை அணுக்களில் செரோட்டோனின் உருவாவதும் சேமிக்கப்படுவதும் அளவிடப்பட்டன. 2008இல் வெளியான ஆய்வு எலியின் ரஃபே நரம்பணுக்களையும் மூளைச் சீவல்களையும் எடுத்துக்கொண்டது. அதன் முடிவு எதிர்பாராத ஒன்றைச் சுட்டியது. நரம்பணுக்கள் செய்தியை இணைப்பு முனைகளில், அதாவது சைனாப்ஸ்களில், வெளியிடும் என்பதே பாடநூல் மரபு. ஆனால் அணுவின் உடற்பகுதியிலேயே உட்கருவைச் சூழ்ந்து சராசரியாக சுமார் 450 செரோட்டோனின் நுண்பைகள் அல்லது நுண்பைத் தொகுதிகள் காணப்பட்டன. தூண்டியபோது அதில் 30 விழுக்காட்டுக்கு மேல் சில நிமிடங்களில் வெளியேறியது. வெளியேறக்கூடிய அளவு, அந்நரம்பணுவின் எல்லா இணைப்பு முனைகளிலும் உள்ள மொத்தச் சேமிப்போடு ஒப்பிடத்தக்கது என மதிப்பிடப்பட்டது.

இதன் முதன்மை எண்ணிக்கையில் மட்டும் இல்லை. உடற்பகுதியில் வெளியாகும் செரோட்டோனின், அதே அணுவின் மேற்பரப்பிலுள்ள தன்னேற்பிகளைத் தொட்டு அந்நரம்பணுவின் துடிப்பைக் குறைக்கிறது என்பது அறியப்பட்டது. மனச்சோர்வு மருந்துகள் சில, செரோட்டோனின் மீளுறிஞ்சலைச் சில மணி நேரத்திலேயே தடுத்தாலும், நோயாளி நலம் உணர வாரங்கள் ஆகின்றன. அத்தன்னேற்பிகள் மெல்ல மரத்துப்போக வேண்டியிருப்பதே தாமதத்துக்குக் காரணம் என்பது கருதுகோள்களுள் ஒன்று. மனச்சோர்வை செரோட்டோனின் குறைபாடாக மட்டும் சுருக்குவதை இன்று பலர் ஏற்பதில்லை. எனினும் அம்மருந்துகள் செயல்படும் களம் எது என்ற வினாவில், இணைப்பு முனைகளையே நோக்கிய கண்ணுக்கு உடற்பகுதி தெரியாமல் இருந்தது என்பது உண்மை. சாயம் எங்கே ஏற்றப்பட்டதோ அங்கேயே பார்த்துப் பழகிய மரபுக்கு, எதையும் ஏற்றாமல் முழு அணுவையும் காட்டும் முறை வேறோர் இடத்தைச் சுட்டியது.

2014இல் அதே ஆய்வகம் உயிருள்ள மூளைச் சீவல்களில் டோபமைனையும் ஒட்டுச்சீட்டின்றிப் படமெடுத்தது. முறையின் எல்லைகளும் தெளிவானவை. இவை எலிகளின் அணுக்களிலும் சீவல்களிலும் நிகழ்ந்தவை. மனித மூளைக்குள் நோக்கும் வழி இது அன்று. வெளிவரும் புறஊதா ஒளியைச் சாதாரணக் கண்ணாடி வில்லைகள் எளிதில் கடத்தா. செறிந்து தேங்கிய செரோட்டோனின் தெரியும். வெளியேறிப் பரவி நீர்த்துப்போனது தெரியாது.

அதே மங்கலான ஒளி, மருத்துவத்தில் வேறொரு பாதையில் சென்றது. 1984இல் நியூயார்க்கில் ராபர்ட் அல்ஃபானோ குழுவினர், லேசரால் தூண்டப்பட்ட இயல்பொளிர்வு புற்றுத்திசுவிலும் நலமான திசுவிலும் வேறுபடுவதைக் காட்டினர். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் சி. கணேசன் 1998இல் அல்ஃபானோ குழுவினருடன் புறத்தோல் அணுக்களின் இயல்பொளிர்வை ஆராய்ந்தார். பின்னர் வாய்ப்புற்று நோயாளிகளின் இரத்த நீர்மத்தின் ஒளிர்வு குறித்த ஆய்வு அவரது குழுவிலிருந்து வந்தது. செம்பூரை அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் வளர்த்த லேசர் பணியின் ஒரு பகுதி, 1984இல் இந்தூரில் தொடங்கப்பட்ட மையத்துக்குச் சென்றது. அங்கே பி.கே. குப்தா குழுவினர் 337 நானோமீட்டர் நைட்ரஜன் லேசரைக் கொண்டு மார்பகப் புற்றுத்திசுவின் ஒளிர்வை ஆராய்ந்து 1997இல் வெளியிட்டனர். திருவனந்தபுரத்தில் என். சுபாஷ் குழுவினர் வாய்ப்புற்றுக்காக இவ்வழியில் உழைத்தனர்.

டிராம்பே, கொலாபா, இந்தூர் ஆகிய மூன்று நிறுவனங்களும், 1962 முதல் பரேலிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனையும், அணுசக்தித் துறை என்ற ஒரே குடையின் கீழ் உள்ளவை. ஆயினும் மும்பையின் குடிசைப் பகுதிகளில் புற்றுநோய் இறப்பைக் குறைத்துக் காட்டியது லேசர் அன்று. அம்மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில், 20 குடிசைத் தொகுதிகளைச் சேர்ந்த ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்கள் இடம்பெற்றனர். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள், நீர்த்த அசெட்டிக் அமிலம், அதாவது ஏறத்தாழ வினிகர், தடவிக் கருப்பை வாயை வெறுங்கண்ணால் சோதித்தனர். மாறுபட்ட திசு வெளுத்துத் தெரியும். சோதனை பெற்ற குழுவில் கருப்பைவாய்ப் புற்று இறப்பு 31 விழுக்காடு குறைந்ததென 2013இல் அறிவிக்கப்பட்டது. ஒப்பீட்டுக் குழுவுக்கு இச்சோதனை அளிக்கப்படாதது குறித்து அறவியல் கண்டனமும் எழுந்தது. அக்கண்டனமும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

வாய்ப்புற்றில் தன்னொளிர்வுக் கருவிகளுக்கு அறியப்பட்ட இடர்ப்பாடு ஒன்றுண்டு. புற்றின் தொடக்கத்தில் திசுவின் ஒளிர்வு மங்கும். சாதாரண அழற்சியிலும் அது மங்கும். புகையிலையும் பாக்கும் நாளும் உரசும் வாயில் அழற்சி அரிதன்று. ஒளி மங்கியது என்பது செய்தி. ஏன் மங்கியது என்பதை ஒளி தானாகச் சொல்லாது.

ஆகவே இவ்வரலாற்றிலிருந்து ‘எதையும் சேர்க்காமல் பார்ப்பதே மேல்’ என்ற பொது விதியை வடித்தெடுத்தல் பிழையாகும். வினிகரும் புறத்திலிருந்து சேர்க்கப்படுவதுதான். அங்கு அது தீங்கின்றிப் பயன்பட்டது, ஏனெனில் கேட்கப்பட்ட கேள்வி திசுவின் நிலை பற்றியது. ரஃபே நரம்பணுவில் கேட்கப்பட்டது நிகழ்வைப் பற்றிய கேள்வி. சேர்க்கை எதுவாயினும் அந்நிகழ்வையே மாற்றிவிடும் என்பதால் அங்கே சொந்த ஒளி இன்றியமையாததாயிற்று. பதனிடுவோரும் சாயமிடுவோரும் லேசர் செலுத்துவோரும் ஒரே நகரில் அருகருகே வாழ்ந்திருக்கின்றனர். ஒரு கருவி மற்றொன்றை வரலாற்றிலிருந்து துடைத்தெறிந்துவிடவில்லை. கேள்வி மாறியபோது, முன்பு கழித்து ஒதுக்கிய ஒளி அளக்கத்தக்க ஒளியாயிற்று, அவ்வளவே. இன்று எந்தெந்த ஆய்வேடுகளில் எவையெவை பின்னணி இரைச்சலாகக் கழிக்கப்படுகின்றன என்று கவனிப்பது, ஆய்வு மாணவர் எத்துறையினராயினும் பயன் தரும்.